ஐடியா எங்கிருந்து வருகிறது? தோட்டத்து ஊர் டிசைனருக்கு ஓர் எளிய விளக்கம்

டிசைன் பழக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, எந்த மென்பொருள் நல்லது என்று. அதற்குப் பதில் சொல்லிவிடலாம். கொஞ்ச நாள் கழித்துக் கேட்பதுதான் சிரமமான கேள்வி: "ஐடியா எங்கேருந்து வருது?" சுங்கை சிப்புட் மாதிரி ஓர் ஊரிலிருந்து கேட்டால், அந்தக் கேள்வியோடு ஓர் ஏக்கமும் சேர்ந்தே வரும். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குக் கண்காட்சி இருக்கிறது, காட்சிக்கூடம் இருக்கிறது, பேச ஆள் இருக்கிறார்கள். இங்கே ஒரு பக்கம் கமுனிங் தோட்டம், இன்னொரு பக்கம் டோவன்பி, நடுவில் ஒரு கடைத்தெரு, ஒரு ரயில் நிலையம். இதில் எதைப் பார்த்து என்ன செய்வது?

ஐடியா வருவது என்றால் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். வானத்திலிருந்து இறங்கியதுபோல் பேசுகிறோமே தவிர, நடப்பது சாதாரண விஷயம். உங்கள் மனதில் தீராத ஒரு சிக்கல் கிடக்கிறது. வேறு ஏதோ காரியத்துக்காக யாரோ செய்துவைத்த ஒன்றைப் பார்க்கிறீர்கள். அதில் இருக்கும் ஏற்பாடு உங்கள் சிக்கலுக்குப் பொருந்துகிறது. அவ்வளவுதான். சிக்கல் எதுவும் மனதில் இல்லாமல் ஊரைச் சுற்றினால் அது காற்று வாங்குவது. எதையும் பார்க்காமல் கணினி முன்னால் உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும்.

இதற்கு ஒரு சாட்சி ஒட்டுக்கடைக் கல்லாவிலேயே ஒட்டியிருக்கிறது. நாம் பணம் கட்ட ஸ்கேன் செய்யும் இளஞ்சிவப்பு டூயிட்நவ் அட்டையைச் சொல்கிறேன். அதிலுள்ள கியூஆர் கட்டம் 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் உருவானது. கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க அங்கே பார்கோடு பயன்படுத்தினார்கள். ஒரு பார்கோடில் அடங்கும் தகவல் மிகக் குறைவு என்பதால் ஒரே பெட்டிக்குப் பல பார்கோடுகளை ஸ்கேன் செய்யவேண்டியிருந்தது. பொறியாளர் மசாஹிரோ ஹராவுக்கு அதுதான் மனதில் கிடந்த சிக்கல். அவர் சாப்பாட்டு வேளையில் 'கோ' என்ற பலகை விளையாட்டு ஆடுபவர். கறுப்பும் வெள்ளையுமாகக் காய்கள் பலகை முழுவதும் பரவிக் கிடந்ததைப் பார்த்தபோது, ஒரே திசையில் எழுதிய தகவலைக் குறுக்கும் நெடுக்குமாக எழுதலாமே என்று தோன்றியது.

எனக்கு இதைவிடப் பிடித்தது அதற்கு அடுத்த கட்டம். கியூஆரின் மூன்று மூலைகளில் சதுரத்துக்குள் சதுரமாக இருக்கிறதல்லவா, அதைப் பார்த்துத்தான் ஸ்கேனர் "இதுதான் கியூஆர்" என்று கண்டுகொள்கிறது. மற்ற அச்சு எழுத்துகளோடும் படங்களோடும் குழப்பிக்கொள்ளாத ஓர் அடையாளம் தேவைப்பட்டது. ஹராவின் குழு விளம்பரத் தாள், பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று கையில் கிடைத்த அச்சுப் பொருள்களையெல்லாம் எடுத்து, அவற்றில் கறுப்பும் வெள்ளையும் எந்த விகிதத்தில் மாறி மாறி வருகின்றன என்று அளந்து பார்த்தது. மிக அரிதாக வந்தது கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று 1:1:3:1:1 விகிதம். அந்த விகிதம்தான் இன்றைக்கு மூலைச் சதுரமாக நிற்கிறது. நாசி லெமாக் மடித்து வரும் பழைய செய்தித்தாளும் அவர்களுக்கு ஆராய்ச்சிப் பொருளாகத்தான் பட்டிருக்கும்.

பார்கோடுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1949 வாக்கில் அமெரிக்காவின் மயாமி கடற்கரையில் நார்மன் ஜோசப் உட்லண்ட் என்பவர், சாரணர் இயக்கத்தில் கற்ற மோர்ஸ் குறிகளை நினைத்துக்கொண்டு மணலில் விரலை வைத்தார். அப்படியே கீழே இழுத்தார். புள்ளிகளும் கோடுகளும் நீண்டு ஒல்லியும் தடிப்புமான வரிகளாயின. கடையில் பொருளைத் தானாக அடையாளம் காண வழி தேடிக்கொண்டிருந்தவர் கண்ணுக்குத்தான் அது பார்கோடாகத் தெரிந்தது. மற்றவர்களுக்கு வெறும் மணல் கோடு.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். கியூஆரில் கோ விளையாட்டின் படம் எங்காவது இருக்கிறதா? பார்கோடில் கடற்கரை இருக்கிறதா? அவர்கள் எடுத்துக்கொண்டது தோற்றத்தை இல்லை. அது எப்படி வேலை செய்கிறது, ஏன் அப்படி அமைந்தது என்பதைத்தான். நம் ஊரில் டிசைன் செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் ஒன்றுகூடலுக்கு டி-சட்டை வேண்டும், "நம்ம தோட்டத்தக் காட்டணும்" என்று கேட்பார்கள். உடனே தலைவிளக்கு கட்டிய ரப்பர் பால்வெட்டுக்காரரின் நிழலுருவம், பின்னால் சூரியன், ஓரத்தில் ஒரு செம்பனை. தோட்டத்தின் படத்தைப் போட்டுவிட்டோம், சரி. தோட்டத்திலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்படியானால் எடுத்துக்கொள்வது எப்படி? செம்பனைக் காட்டுக்கே போவோம்.

செம்பனையைச் சதுரக் கட்டத்தில் நடுவதில்லை. ஒரு வரிசையின் இரண்டு மரங்களுக்கு நடுவில் அடுத்த வரிசை மரம் வரும்படி முக்கோணமாக நடுவார்கள். மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர். வட்டமாக விரியும் மட்டைகளுக்கு எல்லாப் பக்கமும் ஒரே அளவு இடம் வேண்டும். முக்கோண நடவில் ஒவ்வொரு மரத்துக்கும் சம தூரத்தில் ஆறு பக்கத்துவீட்டுக்காரர்கள். கணக்குப் போட்டால் இன்னொன்றும் தெரியும். 9 மீட்டர் சதுரத்தில் நட்டால் ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 123 மரம். அதே 9 மீட்டரை முக்கோணமாக நட்டால் 142. நிலமும் அதே, இடைவெளியும் அதே.

இதை நம் வீட்டுப் பெண்கள் எப்போதோ அறிந்து வைத்திருக்கிறார்கள். கோலத்தில் நேர்ப்புள்ளி என்றும் ஊடுபுள்ளி என்றும் இரண்டு வகை உண்டு. "பதினஞ்சு புள்ளி, ஊடுபுள்ளி, எட்டு வரைக்கும்" என்று அம்மாவோ பாட்டியோ சொன்னால், நடுவரிசையில் 15 வைத்து, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து எட்டில் நிறுத்தவேண்டும், ஒவ்வொரு புள்ளியும் முந்திய வரிசையின் இடைவெளியில் விழவேண்டும் என்று பொருள். உயரத்திலிருந்து பார்த்தால் செம்பனைத் தோட்டம் ஒரு பெரிய ஊடுபுள்ளிக் கோலம். நேர்ப்புள்ளி சதுரமும் சிலுவையும் தரும். ஊடுபுள்ளி அறுகோணமும் பூவும் தரும். எந்தப் புள்ளி வைக்கிறோம் என்பதே எந்தக் கோலம் வரும் என்பதைப் பாதி முடிவு செய்துவிடுகிறது. டிசைன் வகுப்பில் 'கிரிட்' என்று பாடம் நடத்துவது இதைத்தான். ஏனோ நாம் அதை ஆங்கிலப் பாடமாகவே படிக்கிறோம்.

சரி, முன்னாள் மாணவர் ஒன்றுகூடலுக்குத் திரும்புவோம். மேடைக்குப் பின்னால் தொங்கும் பேனரில் எல்லாருடைய பழைய முகப்படங்களும் வரவேண்டும், இடம் குறைவு. வட்டமாக வெட்டிய படங்களை நேர் வரிசைகளில் அடுக்காமல் ஊடுபுள்ளியில் அடுக்குங்கள். பெரிய பேனரில், அதே அளவு வட்டங்கள், அதே இடைவெளி, ஏறக்குறைய 15 விழுக்காடு கூடுதல் முகங்கள். செம்பனையை எங்கேயும் வரையவில்லை. ஆனால் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் அந்த வரிசையைப் பார்த்ததும் ஏதோ பழகியது என்று உணர்வார்கள் என்பது என் நம்பிக்கை.

செம்பனையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மட்டை வெட்டிய அடிப்பாகங்கள் தண்டில் ஒட்டிக்கொண்டே நிற்கும். அவை சாய்வாகச் சுற்றி ஏறுவதை விரலால் எண்ணிப் பாருங்கள். ஒரு திசையில் எட்டுச் சுருள், எதிர்த்திசையில் பதின்மூன்று. ஒவ்வொரு மட்டையும் முந்தையதிலிருந்து ஏறக்குறைய 137.5 பாகை திரும்பி முளைப்பதால், ஒன்றுக்கு நேர் மேலே இன்னொன்று நிழல் விழ நிற்பது தவிர்க்கப்படுகிறது. தீபாவளிக்கு வட்டமான அரிசிக் கோலம் திட்டமிடுகிறீர்கள், பூக்கள் கோடு கோடாக நிற்காமல் பரவலாகத் தெரியவேண்டும் என்றால், நடுவிலிருந்து ஒவ்வொரு பூவையும் 137.5 பாகை திருப்பிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிக்கொண்டே போய்ப் பாருங்கள்.

பால் மரத்துக்கு, அதாவது ரப்பருக்கு வருவோம். நிறையத் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டாலும், வீட்டில் ஒரு தலைமுறைக்காவது பால்வெட்டு தெரிந்திருக்கும். வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, சுமார் 30 பாகைச் சாய்வில் இறங்கும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் லேசாக எதிர்ப்பக்கம் சாய்ந்து சுற்றுவதால், இந்தத் திசையில் வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். சாய்வு குறைந்தால் பால் கோட்டைத் தாண்டி வழியும். கூடினால் பட்டை வீண். இதையெல்லாம்விட டிசைனருக்கு உபயோகமான பாடம் வெட்டின் அளவில் இருக்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் மெல்லிய ஒரு சீவல்தான். நேற்றைய வெட்டுக்குக் கீழே இன்றைய வெட்டு. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி 1890களில் வகுத்த முறை இதற்கு அடிப்படை. மரத்தைக் கொல்லாமல், அதே காயத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து, வெட்டிய பட்டை சில வருடங்களில் வளர்ந்ததும் மறுபடியும் அங்கேயே வரலாம்.

கோயில் திருவிழா பேனர் செய்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். ஒவ்வொரு வருடமும் எல்லாவற்றையும் புதிதாக மாற்றவேண்டும் என்று நினைத்து, மூன்றாவது வருடத்தில் கை வறண்டுவிடும். அதற்குப் பதிலாக எழுத்து, கட்டம், அம்மன் படம் நிற்கும் இடம் இவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒரு சீவல் மட்டும் மாற்றலாம். இந்த வருடம் ஓரக்கோலம், அடுத்த வருடம் நிறம். தூரத்தில் பார்த்தாலே "நம்ம கோயில் பேனர்" என்று ஊர் கண்டுகொள்ளும். சில வருடம் கழித்து முதல் கோலத்துக்கே திரும்பினாலும் புதிதாகத்தான் இருக்கும்.

வெயிலுக்கு ஒட்டுக்கடையில் தே ஐஸ் வாங்கினால் பிளாஸ்டிக் பையில் ஈக்காட் தெப்பி கட்டித் தருகிறார்களே, அதை ஒரு நிமிடம் குடிக்காமல் பாருங்கள். பையின் வாயை ஒரு மூலையில் சேர்த்து ராஃபியா கயிற்றால் கட்டுகிறார்கள். மற்ற மூலையில் உறிஞ்சுகுழல் நிற்கிறது. கயிற்றின் மிச்சம் வளையமாகிறது. அந்த வளையம் மோட்டார்சைக்கிள் கொக்கியிலும் தொங்கும், விரலிலும் தொங்கும். ஒரே கயிறு மூடியாகவும் கைப்பிடியாகவும் குழலை நிறுத்தும் பிடியாகவும் இருக்கிறது. உங்கள் கல்யாணப் பத்திரிகையில் அலங்காரத்துக்கு என்று ஒரு கோடு, பிரிப்பதற்கு என்று ஒரு கோடு, நாள்-நேரத்தைக் காட்ட என்று ஒரு கட்டம் போட்டிருந்தால், ஒரே கோடு மூன்று வேலையையும் செய்யுமா என்று கேட்டுப் பாருங்கள். பாதி அலங்காரம் தானாகவே கழன்றுவிடும்.

நிறத்தை மட்டும் நான் விதிவிலக்காக வைத்திருக்கிறேன். நிறத்தில் தோற்றத்தையே அப்படியே எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. வருடத் தொடக்கத்தில் ரப்பர் இலைகள் உதிரும் காலத்தில் ஒரே மரத்திலிருந்து இலைகளைப் பொறுக்குங்கள்: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, துருச் சிவப்பு. பிறகு துளிர்க்கும் புது இலைகள் செம்பு நிறத்தில் இருக்கும். ஒன்று மற்றொன்றாக மாறிவந்த நிறங்கள் என்பதால் அருகருகே வைத்தால் சண்டை போடுவதில்லை. ஆனால் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதையும் தோட்டமே சொல்லித் தருகிறது. செம்பனைக் குலை கருஊதாவிலிருந்து செம்மஞ்சளாக மாறும். அறுப்பவர் அதை மட்டும் பார்ப்பதில்லை, அடியில் உதிரிப் பழம் விழுந்திருக்கிறதா என்றும் பார்க்கிறார். இரண்டு அடையாளம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படுபவர்கள் எந்த ஊரிலும் சிலர் இருப்பார்கள். அதனால் மெனுவில் காரமான உணவைச் சிவப்பு எழுத்தில் போட்டதோடு விடாமல் பக்கத்தில் ஒரு மிளகாயும் வரையுங்கள்.

எதைப் பார்ப்பது என்று தெரியாதவர்களுக்கு என் ஆலோசனை: அழகானதைத் தேடாதீர்கள், தேய்ந்ததையும் ஒட்டுப்போட்டதையும் தேடுங்கள். திடலின் குறுக்கே புல் தேய்ந்து உண்டான ஒற்றையடிப் பாதை, நடைபாதை போட்டவர் எங்கே தப்பாகப் போட்டார் என்று காட்டும். கதவில் "தள்ளவும்" என்று யாரோ கையால் எழுதி ஒட்டியிருந்தால், கைப்பிடி இழுக்கச் சொல்கிறது என்று அர்த்தம். அச்சடித்த அறிவிப்புப் பலகை மேல் கைப்பட எழுதிய தாள் ஒட்டப்பட்டிருக்கும் இடங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்த பள்ளிக்கூடம். மக்கள் உண்மையில் கேட்கும் கேள்வி அந்தத் தாளில்தான் இருக்கும்.

மனிதர்கள் பேசுவதையும் இப்படிக் கவனிக்கலாம். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தவுடன் வரும் முதல் கேள்வி "தண்ணி என்ன?" என்பதுதான். மினுமான் முதலில், சாப்பாடு பிறகு. ஆனால் நாம் வடிவமைக்கும் மெனுவில் பானங்கள் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கின்றன. கேள்வி வரும்போது வாடிக்கையாளர் கையில் விரிந்திருப்பது நாசி கோரெங் பக்கம். தே ஓ, கோப்பி ஓ, பண்டோங் எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்தால் போதும், புதிதாக ஒரு படம்கூட வரையத் தேவையில்லை.

காரணம் தெரியாவிட்டால் ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள். கோலகங்சார் பக்கம் விற்கும் லாபு சாயோங் மண் கூஜா ஏன் கறுப்பு? சாயம் என்று நினைப்போம். சுட்ட சூட்டோடு உமியில் போட்டு மூடுவதால் வரும் கறுப்பு அது. செய்பவரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பால்வெட்டிய தாத்தாவும், தே ஆற்றும் அண்ணனும், பூ கட்டும் அக்காவும் கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

எடுத்துக்கொள்வதில் ஒரு வரம்பும் உண்டு. சுங்கை சிப்புட்டின் உட்பகுதியில் தெமியார் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய பின்னல் வேலைப்பாட்டைப் படம் பிடித்து, அப்படியே ஒரு பொட்டலத்தின் ஓரத்தில் ஒட்டி விற்பது ஊக்கம் பெறுவது ஆகாது. பக்கத்து ஊர் டிசைனர் செய்த பேனரின் கட்டமைப்பைப் பெயர் மட்டும் மாற்றிப் போடுவதும் அப்படித்தான். தோற்றத்துக்குச் சொந்தக்காரர் உண்டு. முக்கோணமாக நட்டால் இடம் மிச்சம் என்ற காரணத்துக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. வேறொரு சமூகத்தின் வடிவம் வேண்டும் என்றால் அவர்களிடம் கேளுங்கள், வேலையும் கூலியும் அவர்களுக்கும் போகட்டும்.

அப்புறம், சேர்த்துவைக்கும் முறை. தொலைபேசியில் படம் எடுப்பதை எல்லாருமே செய்கிறோம், பின்னால் எதுவும் கைகொடுப்பதில்லை. படத்தோடு "ஏன்" என்பதற்கு ஒரு வரி எழுதாததுதான் காரணம். "தே ஐஸ் பை" என்று எழுதினால் பயனில்லை. "ஒரே கயிறு, மூன்று வேலை" என்று எழுதுங்கள். கோப்புறைகளையும் பொருள்வாரியாக, அதாவது மரம், சாப்பாடு, கோயில் என்று பிரிக்காமல், சிக்கல்வாரியாகப் பிரியுங்கள்: இடம் போதவில்லை, தூரத்திலிருந்து தெரியவில்லை, ஒரே மாதிரி அலுத்துவிட்டது, எதை முதலில் படிப்பது என்று தெரியவில்லை. நாளைக்குக் கடைக்காரர் வந்து "இவ்ளோத்தையும் ஒரே பலகையில போடணும் தம்பி" என்று நிற்கும்போது, 'இடம் போதவில்லை' கோப்புறையைத் திறந்தால் செம்பனை வரிசையும் மடக்கிய நாசி லெமாக்கும் அடுக்குச் சட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அதில் எது அவர் பலகைக்குப் பொருந்தும் என்பதை அவரையே உட்காரவைத்துக் காட்டிக் கேட்கலாம்.